பித்தப்பை எடுத்த பிறகும் வலி வந்தால்: எம்ஆர்சிபியா, ஈயுஎஸ்ஸா, இஆர்சிபியா, பொறுத்துப் பார்ப்பதா?

என் அக்காவுக்குப் பித்தப்பையை எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவளுக்கு விடிகாலை 3 மணிக்குப் பழைய வலி மறுபடி வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டைக்குப் பின்பக்கம் ஏறி, ஒன்றரை மணி நேரம் நின்று, தானாக இறங்கியது. "பைதான் இல்லையே, அப்புறம் எப்படி அதே வலி வரும்?" என்று கேட்டாள். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது டாக்டர் வயிற்று ஸ்கேனில் 'சிபிடி 9 மி.மீ.' (பித்தநாளத்தின் அகலம்) என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே இஆர்சிபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளத்தைச் சரிசெய்யும் எண்டோஸ்கோப்பி, செய்துவிடலாம் என்றார். மூன்றாமவர், அதெல்லாம் வேண்டாம், முதலில் எம்ஆர்சிபி (எம்ஆர்ஐ மெஷினில் எடுக்கும் பித்தநாளப் படம்) எடுங்கள் என்றார். மூன்று பேரும் அனுபவம் உள்ளவர்கள்தான். ஆனால் எங்கள் கையில் மூன்று சீட்டுகள், மூன்று வழிகள்.

நான் மருத்துவன் இல்லை. அடுத்த எட்டு மாதம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு அலைந்தவன். அந்த அலைச்சலில் கேட்டதும் படித்ததுமாகச் சேர்ந்ததை, இதே குழப்பத்தோடு என்னிடம் கேட்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். உங்கள் டாக்டரிடம் பேச உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

## முதலில், யோசிக்கவே கூடாத நேரம்

உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், மேல்வயிற்றில் வலி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளம் அடைபட்டு அதில் கிருமி ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வயதானவர் என்றால் மூன்றில் ஒன்றோ இரண்டோ இல்லாமல், பேச்சில் தடுமாற்றமும் ரத்த அழுத்தம் இறங்குவதுமாகக்கூட வெளிப்படலாம். அந்த நேரத்தில் ஒப்பீடு எதுவும் தேவையில்லை. அடைப்பை உடனே திறந்தாக வேண்டும், இஆர்சிபி வசதி உள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும்.

வலி முதுகுவரை ஊடுருவி, வாந்தி நிற்காமல் இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். அதற்கும் அவசரச் சிகிச்சைதான். இன்னொன்று, நெஞ்சுக்குழி வலி என்றால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். 'பித்தப்பை எடுத்தவர்தானே' என்ற நினைப்பில் மாரடைப்பைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

கீழே எழுதுவதெல்லாம் இந்த அவசரங்கள் இல்லாத, வந்து வந்து போகும் வலிக்கு.

## பை போன பிறகு எங்கிருந்து வருகிறது தொல்லை

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டும்தான். பையை எடுத்த பிறகும் சுரப்பு நிற்காது, கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் நாளமும் அப்படியே இருக்கும். சிபிடி என்று ரிப்போர்ட்டில் எழுதுவது அந்தப் பொதுப் பித்தநாளத்தைத்தான். பிற்காலத் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கே நடப்பவை.

அதிகம் பார்ப்பது நாளத்தில் கல். ஆபரேஷன் நடந்து 2 வருடத்துக்குள் தென்பட்டால் அன்றைக்கே தங்கிவிட்ட கல் என்றும், அதற்குப் பிறகு என்றால் புதிதாக உருவானது என்றும் மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, பையின் மிச்சம். கடுமையாக ஒட்டிப்போன பையை முழுக்க எடுப்பது ஆபத்து என்று தோன்றினால், அறுவை மருத்துவர் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுப்பார். அது தவறு இல்லை, பல நேரம் உயிரைக் காப்பாற்றும் முடிவு. ஆனால் அந்த மிச்சத்திலோ, பைக்கும் நாளத்துக்கும் இடையிலிருந்த சிறு குழாயின் அடித்துண்டிலோ மறுபடி கல் சேரலாம். இது நடந்திருக்கிறதா என்பது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆபரேஷன் குறிப்பிலும் இருக்கும். அக்காவின் குறிப்பை வாங்க நான் ரெக்கார்டு ரூமுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. போனது வீண் போகவில்லை, முழுப் பையையும் எடுத்திருக்கிறார்கள் என்று அதில் தெளிவாக இருந்ததால் ஒரு சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

மூன்றாவது, நாளம் சுருங்கிப்போவது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு நாளத்தில் காயம் படுகிறது. பெரிய காயம் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஆபரேஷனில் வைக்கும் சூட்டினாலோ, குழாயை மூடப் போடும் கிளிப்பினாலோ பட்ட சிறிய காயம் மெல்ல மெல்லத் தழும்பாகி, மாதங்களோ வருடங்களோ கழித்து நாளத்தை இறுக்கும். எண்ணிக்கையில் குறைவு என்றாலும், கவனிக்காமல் விட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தேங்கிய பித்தநீர் கல்லீரலையே கெடுத்து சிரோசிஸ் வரை கொண்டுபோய்விடும்.

அபூர்வமானவையும் உண்டு: கிளிப் இடம் நகர்ந்து நாளத்துக்குள் போய், அதைச் சுற்றியே கல் வளர்வது, ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் சிந்திய கல் வெகுநாள் கழித்துச் சீழ்க்கட்டியாவது. தொப்புள் தழும்பில் எழுந்து நின்றால் புடைப்பு தெரிகிறது என்றால் அது குடலிறக்கம், அதற்கு இந்த ஸ்கேன்கள் எதுவும் வேண்டாம்.

பிறகு ஒட்டியின் தசை வளையம். பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயைச் சுற்றியிருக்கும் இந்த வளையத்தை 1887-இல் ருஜ்ஜெரோ ஒட்டி என்ற இத்தாலியர், இன்னும் மாணவராக இருந்தபோதே விவரித்தார். அது சரியாகத் திறக்காமல் இறுகினாலும் கல் வலி போலவே வலிக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்தோ வலி மாத்திரையோ எடுத்த கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அந்த வகை மருந்து இந்தத் தசையை இறுக்கும்.

வலியே இல்லை, சாப்பிட்டதும் வயிறு கலக்கி ஓட வைக்கிறது, காலையில் அவசரமாக மூன்று நான்கு முறை போகிறது என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதி தேவைப்படாது. பித்த அமிலம் நேராகப் பெருங்குடல் வரை போவதால் வரும் பேதி அது. கொலஸ்டிரமின் என்ற பொடி பலருக்குக் கேட்கிறது. அதை எடுத்தால் மற்ற மாத்திரைகளை ஒரு மணி நேரம் முன்பாகவோ 4 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியாக, பித்தத்தோடு சம்பந்தமே இல்லாத வலியும் இருக்கிறது: நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண், குடல் எரிச்சல் நோய். ஆபரேஷனுக்கு முன்பு இருந்த வலி மாறாமல் அப்படியே தொடர்ந்தால், அந்த வலிக்குக் காரணம் தொடக்கத்திலிருந்தே கல்லாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நாங்கள் முதலில் விலையை வைத்துத்தான் ஒப்பிட்டோம். அது சரிப்படவில்லை. பிறகு ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டோம்:

1. இப்போதைய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் நாளத்தில் அடைப்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு?
2. இந்தப் பரிசோதனை எதைத் தவறவிடும்?
3. பரிசோதனையாலேயே என்ன கெடுதல் வரலாம்?
4. கண்டுபிடித்தால் அங்கேயே சரிசெய்யுமா, இன்னொரு முறை வர வேண்டுமா?
5. இன்றைய பில்லோடு முடிகிறதா?

முதல் கேள்விதான் ஆணிவேர். அதற்குப் பதில் இல்லாமல் மற்ற நாலுக்கும் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் கிடைப்பது பெரிய மெஷினிலிருந்து இல்லை, சாதாரண ரத்தப் பரிசோதனையிலிருந்து.

## வழி ஒன்று: பொறுத்துப் பார்ப்பது

பொறுப்பதிலும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை வலி வந்தால், வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும்: கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பிலிருபின், கூடவே கணையத்துக்கு லிப்பேஸ். இரண்டு மூன்று நாள் கழித்து அதையே திரும்பப் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். ஒரு சிறு கல் நாளத்தின் வாயில் சிக்கினால் எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் சில மணி நேரத்தில் ஏறிவிடும். கல் நகர்ந்துவிட்டால் சில நாட்களில் சாதாரண நிலைக்கு இறங்கிவிடும். வலி போன பத்தாம் நாள் லேபுக்குப் போனால் 'எல்லாம் நார்மல்' என்றுதான் வரும். அக்காவுக்கு முதல் இரண்டு முறையும் அப்படித்தான் ஆனது. வலி வந்தால் உடனே போய் ரத்தம் கொடுக்கும்படி ஒரு சீட்டை டாக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் மருத்துவமனை லேபில் அந்தச் சீட்டு பேசும்.

சாதாரண வயிற்று ஸ்கேனும் இந்தக் கட்டத்தில்தான் எடுப்பார்கள். அதைப் பற்றி இரண்டு விஷயம். நாளத்துக் கற்களில் கால்வாசியாவது அதில் தப்பிவிடும், ஏனென்றால் நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடுகிறது. இன்னொன்று, பை எடுத்தவர்களுக்கு நாளம் கொஞ்சம் விரிவது இயல்பு. பை இருப்பவருக்கு 6 மி.மீ. வரை சாதாரணம் என்றால், எடுத்தவருக்கு 10 மி.மீ. வரைகூட நோய் இல்லாமல் இருக்கலாம். வயது கூடினாலும் கொஞ்சம் விரியும். ஆக, அக்காவின் '9 மி.மீ.' தனியாக நின்று எதையும் நிரூபிக்கவில்லை. அந்த ஓர் எண்ணைப் பார்த்து நாங்கள் தூக்கம் இழந்த இரவுகளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இந்த வழி யாருக்கு ஒத்து வரும்? வலி எப்போதாவது வருகிறது, வலி நேரத்து ரத்தமும் சரியாக இருக்கிறது, காய்ச்சலோ மஞ்சளோ இல்லை என்பவர்களுக்கு. அந்த இடைவெளியில் வயிற்று எண்டோஸ்கோப்பி ஒன்றைச் செய்து புண், அமிலத் தொல்லை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

ஆனால் இதற்கும் மறைமுக விலை உண்டு. உண்மையிலேயே கல் இருந்தால், பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் கணைய அழற்சியோ கிருமித் தொற்றோ வர இடம் கொடுக்கிறோம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்காமல் ஏறியே நிற்கிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் பொறுக்கக் கூடாது. நாளம் சுருங்குவது சத்தமில்லாமல் நடக்கும்.

## வழி இரண்டு: எம்ஆர்சிபி

எம்ஆர்ஐ மெஷினிலேயே பித்தநாளத்தையும் கணைய நாளத்தையும் மட்டும் துலக்கிக் காட்டும் படம். ஊசி மருந்து வழக்கமாகத் தேவையில்லை, கதிர்வீச்சு இல்லை, மயக்கம் இல்லை. நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, அரை மணி நேரப் படுக்கை, அவ்வளவுதான். சில இடங்களில் அதற்கு முன் அன்னாசிப் பழச்சாறு குடிக்கக் கொடுப்பார்கள். அதிலுள்ள மாங்கனீசு, குடலில் இருக்கும் திரவத்தைப் படத்தில் மங்க வைத்து நாளத்தைத் தெளிவாகக் காட்டும். ஆபரேஷனில் போட்ட டைட்டானியம் கிளிப்புக்காகப் பயப்பட வேண்டாம், எம்ஆர்ஐயில் அதனால் ஆபத்தில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதன் பெரிய பலம், முழு மரத்தையும் காட்டுவது. கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகளிலிருந்து கீழ் வாய் வரை ஒரே படத்தில் வரும். நாளம் எங்கே சுருங்கியிருக்கிறது, பையின் மிச்சம் இருக்கிறதா என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

பலவீனம் சின்னக் கல். மொத்தமாகப் பார்த்தால் நாளத்துக் கல் உள்ள நூறு பேரில் 90-க்கும் மேற்பட்டவர்களை இது பிடித்துவிடும். தப்பிப்போவதில் பெரும்பகுதி 5 மி.மீ.-க்குக் குறைவான கற்கள், அதுவும் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவை. மூச்சை அடக்க முடியாத பெரியவர்களுக்குப் படம் கலங்கிவிடும். முன்பே இஆர்சிபி செய்தவர்களுக்கு நாளத்தில் காற்றுக் குமிழ் நிற்கும், அதுவும் படத்தில் கல் போலவே தெரியும்.

இங்கே மறைமுக விலை என்பது, கல் இருந்தால் இஆர்சிபிக்குத் தனியாக இன்னொரு செலவு. கல் இல்லை என்று வந்தும் வலி தொடர்ந்தால் அடுத்த பரிசோதனைக்கு ஒரு செலவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தால் பணம் மிச்சமாகும், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரமில்லாத வலிக்கு அந்தக் காத்திருப்பு பெரிய விஷயமில்லை என்பது என் எண்ணம்.

## வழி மூன்று: ஈயுஎஸ்

எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். வாய் வழியாகச் சிறுகுடல் வரை போய், பித்தநாளத்துக்கு ஒட்டினாற்போல் நின்று பார்க்கிறது. அவ்வளவு பக்கத்திலிருந்து பார்ப்பதால் எம்ஆர்சிபிக்குத் தப்பும் 3, 4 மி.மீ. கல்லும், மணல் போன்ற துகளும் இதில் தெரியும். நாளத்தின் வாயில் இருக்கும் சிறு கட்டி, கணையத் தலையில் இருக்கும் மாற்றம் இவற்றையும் காட்டும். 50 வயதுக்கு மேல் நாளம் விரிந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால் இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம்.

மயக்க மருந்து கொடுப்பார்கள், கூட ஒரு ஆள் வேண்டும், அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. வெறுமனே பார்ப்பதற்குச் செய்யும் ஈயுஎஸ்ஸில் ஆபத்து மிகக் குறைவு. குறை என்னவென்றால், செய்பவரின் கைத்திறனைப் பொறுத்தது. எல்லா ஊரிலும் கிடைக்காது, எம்ஆர்சிபியைவிடச் செலவு அதிகம். கல்லீரலுக்குப் பக்கத்தில், மேலே இருக்கும் சுருக்கத்தை இது சரியாகக் காட்டாது. இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அந்த இடத்துக்குப் போகவே முடியாமல் போகலாம்.

வெளியே அதிகம் சொல்லப்படாத ஒரு லாபம் இருக்கிறது. இரண்டு வசதியும் உள்ள மருத்துவமனை என்றால், ஈயுஎஸ்ஸில் கல் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே இஆர்சிபி செய்து எடுத்துவிடலாம். கல் இல்லை என்றால் அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். தேதி வாங்கும்போதே "கல் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

## வழி நாலு: நேராக இஆர்சிபி

இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதுதான் ரொம்பச் சுலபமாகச் சொல்லப்படுகிறது. "எண்டோஸ்கோப்பிதான், காலையில் வந்து சாயந்தரம் போயிடலாம்" என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்.

இஆர்சிபியில் குழாயைச் சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாய்க்குள் கம்பி விட்டு, சாயம் ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். கல் இருந்தால் வாயின் தசையைக் கொஞ்சம் வெட்டி, பலூனாலோ கூடையாலோ கல்லை இழுத்துப் போடுகிறார்கள். இன்னொரு ஆபரேஷன் இல்லாமல் நாளத்துக் கல்லை எடுப்பது உண்மையிலேயே பெரிய வரம். கல் இருப்பது உறுதியானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் இன்றைக்கு இது ஒரு சிகிச்சை. கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இதைச் செய்த காலம், எம்ஆர்சிபியும் ஈயுஎஸ்ஸும் வந்த பிறகு முடிந்துவிட்டது. ஏன் என்றால், நூறு பேரில் சுமார் 3 முதல் 10 பேருக்கு இதற்குப் பிறகு கணைய அழற்சி வருகிறது. பெரும்பாலும் சில நாள் மருத்துவமனையில் இருந்து சரியாகிவிடும். சிலருக்கு அது வாரக்கணக்கில் ஐசியூ வரை போகும், அரிதாக உயிரையும் எடுத்துவிடும். தசையை வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், சில நேரம் ஒரு வாரம் கழித்துக்கூட. குடலில் ஓட்டை விழுவது நூறில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கணைய அழற்சி யாருக்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள்: வயது குறைந்த பெண்கள், பிலிருபின் சாதாரணமாக இருப்பவர்கள், நாளம் விரியாதவர்கள், தசை இறுக்கம் என்று சந்தேகப்பட்டுச் செய்பவர்கள், முன்பே ஒருமுறை இது வந்தவர்கள். கல் இருக்க வாய்ப்புக் குறைவானவர்களும் இவர்களேதான். இஆர்சிபி யாருக்கு அதிகம் தேவைப்படாதோ அவர்களுக்குத்தான் அதன் ஆபத்தும் அதிகம். இந்த ஒரு விஷயம் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதற்கு ஒரு நேரடிச் சான்றும் இருக்கிறது. பித்தப்பை எடுத்த பிறகு வலி இருந்து, ஆனால் நாளம் விரியாமல், ரத்தப் பரிசோதனையிலும் பெரிய கோளாறு இல்லாத 214 பேரை அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். எபிசாட் என்று பெயர், 2014-இல் வெளியானது. ஒரு குழுவுக்குத் தசையை வெட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு இஆர்சிபி வரை செய்துவிட்டு, வெட்டாமல் விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது, வெட்டாதவர்களில் 37 சதவீதம். வெட்டியதால் பலன் இல்லை என்பதோடு, இரண்டு குழுவிலும் பத்தில் ஒருவருக்கு மேல் கணைய அழற்சி வந்திருந்தது. அதற்குப் பிறகு, ஸ்கேனும் ரத்தமும் சரியாக இருக்கும் வெறும் வலிக்குத் தசையை வெட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. உங்களுக்கு அப்படி ஒரு யோசனை சொன்னால், "ரத்தத்திலும் நாளத்திலும் மாற்றம் இருக்கிறதா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள்.

மறைமுகச் செலவில் பெரியது ஸ்டென்ட். வீக்கம் இருந்தாலோ கல் மிச்சம் இருந்தாலோ நாளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்புவார்கள். அது வழக்கமாக மூன்று மாதத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். மறந்தால் அடைத்துக்கொண்டு, அதன்மேலேயே கல் படிந்து, குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அக்கா படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு குழாய் இருப்பதே அவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. அதனால் வெளியே வரும்போது, ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று தமிழில் எழுதி வாங்குங்கள். எடுப்பதும் இன்னொரு எண்டோஸ்கோப்பிதான். காப்பீட்டில் அந்த இரண்டாவது தடவையும் அடங்குமா என்று முதல் நாளே கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் இரண்டு கேள்வி. கணைய அழற்சியைக் குறைக்க ஆசனவாய் வழியாக இண்டோமெத்தசினோ டைக்ளோஃபினாக்கோ வைப்பார்களா? அது மலிவான மருந்து, பலன் நிரூபிக்கப்பட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எதை எத்தனை நாள் நிறுத்துவது, இதய மருத்துவரிடம் பேசியாயிற்றா?

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பொறுத்துப் பார்ப்பது | எம்ஆர்சிபி | ஈயுஎஸ் | இஆர்சிபி |
|---|---|---|---|---|
| சின்னக் கல் தெரியுமா | வலி நேர ரத்தம் குறிப்புக் காட்டும் | 5 மி.மீ.-க்குக் கீழ் தப்பலாம் | நன்றாகத் தெரியும் | தெரியும், எடுக்கவும் முடியும் |
| மேலே உள்ள சுருக்கம் | தெரியாது | மிக நன்றாகத் தெரியும் | சரியாகத் தெரியாது | தெரியும், ஸ்டென்ட் வைக்கலாம் |
| மயக்கம் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| அதனாலேயே வரும் கெடுதல் | தாமதத்தால் வருவது | அநேகமாக இல்லை | மிகக் குறைவு | கணைய அழற்சி, ரத்தக்கசிவு, ஓட்டை |
| சிகிச்சையும் சேர்ந்ததா | இல்லை | இல்லை | தேவையானால் கூடவே இஆர்சிபி | ஆம் |
| பின்னால் வரும் செலவு | திரும்பத் திரும்ப லேப் | கல் இருந்தால் இஆர்சிபி | பயணம், துணைக்கு ஆள் | ஸ்டென்ட் எடுப்பது, சிக்கல் வந்தால் படுக்கை |

சிடி ஸ்கேனை இதில் சேர்க்கவில்லை. பித்தக் கற்களில் பல அதில் தெரியாது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அது உதவும்.

## அப்போ யாருக்கு எது

சாதாரண ஸ்கேனிலேயே நாளத்தில் கல் தெளிவாகத் தெரிகிறது, அல்லது பிலிருபின் 4-க்கு மேல் போய் நாளமும் விரிந்திருக்கிறது என்றால் நேராக இஆர்சிபி செய்வதே சரி. நடுவில் இன்னொரு படம் எடுப்பது நாளையும் பணத்தையும் கரைக்கும்.

வலி நேரத்தில் கல்லீரல் எண்கள் ஏறுகின்றன, ஸ்கேனில் கல் தெரியவில்லை. இந்த நடுத்தரக் கூட்டம்தான் பெரியது. இவர்களுக்கு எம்ஆர்சிபி அல்லது ஈயுஎஸ். என் பார்வையில், ஆபரேஷன் சிக்கலாக நடந்தது, பையில் மிச்சம் விட்டிருக்கிறார்கள், அல்லது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தொடர்ந்து அதிகம் என்றால் எம்ஆர்சிபி முதலில். ஆபரேஷன் சுத்தமாக நடந்திருக்கிறது, எண்கள் ஏறி இறங்குகின்றன, நல்ல ஈயுஎஸ் வசதி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் ஈயுஎஸ். பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் மூடிய இடத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கும் ஈயுஎஸ். மயக்கம் தாங்காத இதய, நுரையீரல் நோயாளிக்கு எம்ஆர்சிபி.

நாளம் சுருங்கியிருக்கிறது என்று தெரிந்தால் கதை வேறு. ஒன்று, இஆர்சிபியில் ஸ்டென்ட்களை மாற்றி மாற்றிச் சுமார் ஒரு வருடம் வைத்து நாளத்தை விரிப்பது. இல்லையென்றால் நாளத்தைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பெரிய ஆபரேஷன். இதில் முதல் முயற்சியே நன்றாக அமைய வேண்டும். அதனால் பக்கத்து நர்சிங் ஹோமில் முடித்துக்கொள்ளாமல், கல்லீரல், பித்தநாள அறுவையை வழக்கமாகச் செய்யும் இடத்துக்குப் போங்கள். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே இதற்குத் தனித் துறை இருக்கிறது. பையின் மிச்சத்தில் கல் என்றாலும் பெரும்பாலும் அந்த மிச்சத்தை எடுக்கும் ஆபரேஷன்தான் தீர்வு.

எல்லாமே நார்மல், வலி மட்டும் இருக்கிறது என்பவர்களின் நிலைதான் மனசுக்குக் கஷ்டமானது. வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். வலி பொய் இல்லை. ஆனால் அதற்காக இஆர்சிபிக்குப் போக வேண்டாம். அமிலத்துக்கு மருந்து, குடல் இறுக்கத்துக்கு மருந்து, சில நேரம் நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் கொடுக்கும் மாத்திரை என்று ஒரே குடல்நோய் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுவது நல்லது. டாக்டரை மாற்ற மாற்ற, பரிசோதனைகள் மட்டும்தான் கூடும்.

அக்கா எம்ஆர்சிபி எடுத்தாள். கல் இல்லை, சுருக்கம் இல்லை, பையின் மிச்சமும் இல்லை என்று வந்தது. மூன்றாவது முறை வலி வந்தபோது பர்ஸில் இருந்த சீட்டோடு ராத்திரி 2 மணிக்கே ரத்தம் கொடுத்தோம். எஸ்ஜிபிடி 300-ஐத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் அது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஈயுஎஸ்ஸுக்குத் தேதி கொடுத்தார்கள். நாளத்தின் வாயை ஒட்டி 4 மி.மீ. கல் ஒன்று, அதே மயக்கத்தில் இஆர்சிபி செய்து எடுத்தார்கள். எம்ஆர்சிபி காசு வீணா என்று அத்தான் கேட்டார். சுருக்கம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்ததால்தான் பயமில்லாமல் அவ்வளவு நாள் பொறுக்க முடிந்தது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஸ்டென்ட் ஒன்று வைத்து அனுப்பினார்கள். எடுக்க வேண்டிய தேதியை அக்கா டெய்லி காலண்டரின் அட்டையில் எழுதி, மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொல்லி வைத்தாள். ஆறாவது வாரம் போய் எடுத்துக்கொண்டு வந்தோம்.